கொக்கியில் மாட்டியிருந்தது

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் அந்தக் கறுப்பு எஸ்யூவி பட்டறைக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

பட்டறைக்காரர் கார் எலக்ட்ரீஷியன். தெருவில் எல்லோருக்கும் அவர் 'மின்னல்'தான். எடுத்த வேலையை ஆமை மாதிரி ஆர அமரச் செய்கிறவர் என்பதால் மச்சினன் கேலியாக வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. மச்சினன் வெல்டர். எதிர்ச்சாரியில் தகரக் கொட்டகை போட்டுத் தொழில் செய்கிறான். அவன் வாய் மூடியிருப்பது முகமூடி போட்டு வெல்டிங் வைக்கும்போது மட்டும்தான், அதுவும் சந்தேகம்.

வண்டியிலிருந்து ஒரு புதுக் கல்யாண ஜோடி இறங்கியது. கணவர் நில அளவை சர்வேயர். அந்தப் பெண் நர்ஸ்.

"வீடு மாத்தறோம்ண்ணே. சாமான் ஏத்த டிரெய்லர் ஒண்ணு வாடகைக்குச் சொல்லியிருக்கேன், பக்கத்து ஊர்ல நிக்குது. சாயங்காலம் போய் மாட்டிக்கணும். கொக்கி இருக்கு, ஆனா லைட் கனெக்‌ஷன் இல்லை. லைட் இல்லாம டிரெய்லர் இழுத்தா இந்தப் பனியில பின்னாடி வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் சர்வேயர்.

"வண்டி புதுசா?"

"ஏலத்துல எடுத்தது. ரோட்டோரமா கேட்பாரில்லாம நின்னுச்சாம். கதவு திறந்து, சாவி தொங்கிக்கிட்டு. யாரோட வண்டின்னு தேடி யாருமே வரலை. நமக்கு அதிர்ஷ்டம்."

நர்ஸ் சிரிக்கவில்லை. "மேடு ஏறும்போது மட்டும் இழுக்க மாட்டேங்குதுண்ணே. எதையோ கட்டி இழுக்கற மாதிரி முக்குது" என்றாள்.

"ஆரம்பிச்சிட்டா" என்றார் சர்வேயர் செல்லமாக. வேலை முடிவதற்குள் கடைத்தெருவுக்குப் போய் வருவதாகச் சொல்லி இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள்.

மின்னல் பின்கதவைத் தூக்கி, விளக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அந்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே கைவிட்டவர் விரலில் வயர்க் கொத்து ஒன்று தட்டுப்பட்டது.

டிரெய்லர் விளக்குக்கான வயரிங் ஏற்கெனவே இருந்தது. நல்ல கைகாரன் செய்த வேலை. ஆனால் பாதியில் அறுத்திருந்தார்கள். கட்டிங் பிளேயரால் வெட்டியதில்லை. சமையல் கத்தியோ, கையில் கிடைத்த எதுவோ வைத்துக் கரகரவென்று அறுத்தது. அறுத்த முனைகள் ஒவ்வொன்றையும் டேப்பால் சுற்றி, சுற்றி, மேலும் சுற்றி, ஒரு முஷ்டியளவு உருண்டையாக்கியிருந்தார்கள்.

கொக்கியின் போல்ட்டுகளை முடுக்க வந்திருந்த மச்சினன் எட்டிப் பார்த்தான். "என்ன மாமா இது, செத்த பாம்பை மறுபடி அடிச்ச மாதிரி? இவ்ளோ டேப்பா?"

"யாரோ பயந்தாங்கொள்ளி. ஷாக் அடிக்கும்னு நினைச்சிருப்பான்."

"பன்னெண்டு வோல்ட்டுலயா?"

மின்னல் டேப்பைப் பிரித்து, வயர்களை ஒவ்வொன்றாகச் சீவிப் புது வயரோடு சேர்த்து, புது சாக்கெட்டைக் கொக்கிக்குப் பக்கத்தில் பொருத்தினார். பலகையில் பல்புகளை ஆணியடித்து அவரே செய்துவைத்திருந்த சோதனை விளக்கை அதில் செருகிவிட்டு, முன்னால் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"மாப்ள, பாரு. பார்க்கிங் லைட்?"

"எரியுது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"இடது?"

"எரியுது."

"வலது?"

"எரியலை."

ஃபியூஸ் பெட்டியில் ஒன்றை அழுத்திவிட்டார். "இப்போ?"

"எரியுது."

பிரேக்கை மிதித்தார். "பிரேக்?"

குரல் உடனே வரவில்லை. பிறகு, நெடுநாள் பட்டினி கிடந்தவன் சோற்றைப் பார்த்தது போல, மெல்லச் சொன்னது: "எரியுது... நல்லா எரியுது."

"சரி வா, டீ குடிக்கலாம்" என்று மின்னல் கதவைத் திறந்தார்.

எதிரே, தூறலில் தலைமேல் சாக்கைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் டீ கிளாஸோடு மச்சினன் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தான்.

"என்ன மாமா, வேலை முடிஞ்சுதா? கடையில ஒரே கூட்டம். டீ வாங்கறதுக்குள்ள தாடியே முளைச்சிடுச்சு."

மின்னல் அவனையே பார்த்தார். பிறகு வண்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்.

யாரும் இல்லை.

தெருப் பிள்ளைகள் யாராவது விளையாடியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டார். சோதனைப் பலகையைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். சாவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்போதுதான் டேஷ்போர்டைக் கவனித்தார். டிரெய்லர் மாட்டியிருந்தால் மட்டும் எரியவேண்டிய சின்னப் பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

"மாமா" என்றான் மச்சினன். அவன் குரலில் கேலி இல்லை. "தரையைப் பாருங்க."

வண்டிக்கு வெகுவாகப் பின்னால், ஒரு டிரெய்லர் நின்றால் அதன் முதுகு எங்கே முடியுமோ அந்த இடத்தில், ஈரத் தரை சிவந்திருந்தது. இரண்டு வட்டச் சிவப்பு. அந்த வெளிச்சத்துக்கு விளக்கு இல்லை. தூறல் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும், எதன்மேலோ விழுந்து தெறிக்கிற சத்தம் கேட்டது.

டப். டப். டப்.

தகரக் கூரையில் விழுவது போல.

மின்னல் கட்டிங் பிளேயரை எடுத்தார். இப்போதுதான் சேர்த்த வயர்களை ஒரே கடியாக வெட்டினார். சிவப்பு அணைந்தது. பச்சை விளக்கும் அணைந்தது.

பின்கதவுக்கு வெளியே, அவர் காதுக்கு ஒரு முழம் தள்ளி, களைத்த குரல் ஒன்று கேட்டது:

"ஏன் அணைச்சீங்க?"

வாயாடி மச்சினன் அன்று அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

சர்வேயரும் நர்ஸும் திரும்பி வந்தபோது மின்னல் மூடியை மாட்டிவிட்டுப் பட்டறை வாசலில் நின்றிருந்தார். "தம்பி, வேலை ஆகலை. இந்த வண்டியை இன்னைக்கு இங்கயே விட்டுட்டுப் போங்க."

"என்ன ரிப்பேர்?"

"ரிப்பேர் இல்ல. பின்னால ஏதோ இருக்கு."

சர்வேயர் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். கொக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லையேண்ணே. முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க, நான் டிரெய்லர்க்காரன்கிட்டயே லைட்டைப் பாத்துக்கறேன். பூச்சாண்டி காட்டாதீங்க."

படித்த பிள்ளை. கேட்ட குரலை, பார்த்த வெளிச்சத்தை எந்த வாயால் சொல்வது? சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல அது அவருக்கே உளறலாகப் பட்டது. சர்வேயர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

நர்ஸ் மட்டும் நின்று கேட்டாள், தாழ்ந்த குரலில்: "உங்களுக்கும் கேட்டுதா? இவர் ரிவர்ஸ் எடுக்கும்போது 'வா, வா'ன்னு யாரோ சொல்றாங்க. நான்தான் சொல்றேன்னு இவர் நினைச்சிட்டிருக்கார். நான் வீட்டுக்குள்ள இருப்பேன்."

"இறங்கிடும்மா. நீயாவது இறங்கிடு."

"அவரைத் தனியா அனுப்பச் சொல்றீங்களா?" என்றவள், பட்டறைப் பலகையிலிருந்த நம்பரைப் போனில் குறித்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

தெருமுனையில் ஒரு வேகத்தடை உண்டு. வண்டி அதன்மேல் ஏறி இறங்கியது. முன்சக்கரம், தட். பின்சக்கரம், தட். வண்டி திரும்பி மறைந்தது.

காலியான தெருவில், வேகத்தடைமேல் மூன்றாவதாக ஒரு சத்தம் கேட்டது.

தட்.

அங்கே தேங்கியிருந்த தண்ணீர் இரண்டாகப் பிளந்து, மெல்ல மூடிக்கொண்டது.

அந்தி மயங்கும் நேரத்தில் போன் வந்தது. பேசியது நர்ஸ். "அண்ணே, நெடுஞ்சாலையில இருக்கோம். ஒரே பனி. வண்டி நகரவே மாட்டேங்குது. ஓரமா நிறுத்திட்டார்."

"நிறுத்தாதீங்க! இறங்க விடாதம்மா, பின்னால போக விடாத!"

"இறங்கிட்டாரே. யாரோ கூப்பிட்டாங்கன்னு..." அவள் போனை விலக்கிக் கூப்பிடுவது கேட்டது. "ஏங்க! வந்துடுங்க! எதுவா இருந்தாலும் பரவாயில்ல, வந்துடுங்க!"

தூரத்தில் சர்வேயரின் குரல், யாரிடமோ மரியாதையாகச் சொன்னது: "தள்ளிக்குங்க, நான் பாக்கறேன்."

பிறகு ஒரு கதவு மூடும் சத்தம். கார்க் கதவு இல்லை. கனமான தகரக் கதவு.

மின்னல் போனில் கத்தினார். மச்சினன் பைக்கை எடுத்தான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு லாரிக்காரர்கள் நர்ஸைச் சாலையோரம் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வெட்டவெளி. ஒளிய ஒரு மரமில்லை, விழ ஒரு பள்ளமில்லை. சேற்று மண்ணில் சர்வேயரின் செருப்புத் தடம் டிரைவர் கதவிலிருந்து கொக்கி வரைக்கும் தெளிவாகப் போனது. கொக்கிக்கு அப்பால் தடம் இல்லை. போலீஸ் நாய் கொக்கியை முகர்ந்துவிட்டு, வாலைக் கால்களுக்குள் இடுக்கிக்கொண்டு ஜீப்புக்குள் ஏறிப் படுத்துவிட்டது.

தேடினார்கள். விசாரித்தார்கள். பிறகு, எல்லாவற்றையும் விடுகிற மாதிரி, விட்டுவிட்டார்கள்.

பனிக்காலம் போய் வெயில் வந்த பிறகு, நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். ஒரு வேலை இருக்கிறது, வீட்டுக்கு வரவேண்டும் என்றாள். வண்டியை விற்றுத் தலைமுழுகச் சொல்லலாம் என்றுதான் மின்னல் போனார். கூட வந்த மச்சினன் கேட்டுக்கு உள்ளே கால் வைக்க மறுத்துவிட்டான்.

நடுப்பகல். வீட்டை ஒட்டிய ஷெட்டில் வண்டி சுவரைப் பார்த்து நின்றது. பின்பக்கம் நீளமாகக் காலி இடம் விட்டிருந்தாள். நர்ஸ் பாதியாக இளைத்திருந்தாள். ஆனால் தலை வாரி, துவைத்த உடையில், நிதானமாக இருந்தாள்.

"எனக்குப் பைத்தியம்னு நினைக்காதீங்கண்ணே. நான் நர்ஸ். பைத்தியம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"நான் நினைக்கலைம்மா."

"டியூட்டி முடிஞ்சு வந்து முன்சீட்டுல உக்காருவேன். பின்னாலேர்ந்து பேசுவார். முதல்ல எங்கயோ கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி கேட்டுது. இப்போ பக்கத்துல கேக்குது. சாப்பிட்டியான்னு கேப்பார்."

"நீ பின்னால போய்ப் பாத்தியா?"

"போக மாட்டேன். வராதே, வராதேன்னு அவரேதான் சொல்றார்." அவள் கண் நிறைந்தது, குரல் உடையவில்லை. "ஒண்ணே ஒண்ணுதான்ண்ணே கேக்கறார். அங்க கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒண்ணுதானாம். அவ்வளவு இருட்டாம். நீங்க வெட்டின வயரைச் சேத்துக் குடுங்க. லைட் மட்டும் போதுமாம்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். வெட்டியதால் எதுவும் கழன்று போகவில்லை. சேர்ப்பதால் எதுவும் திரும்பி வரப்போவதும் இல்லை. இருட்டில் இருக்கிறவனுக்கு வெளிச்சம் வேண்டாம் என்று சொல்ல அவர் யார்?

பின்கதவைத் திறக்காமல், முன்பக்கமாக ஏறி, சீட்டுகளைத் தாண்டித் தவழ்ந்து போய் மூடியைக் கழற்றினார். அதே பூட்டிய வீட்டு வாடை. வயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். அவர் கை எப்போதும் மெதுவான கை. அன்று இன்னும் மெதுவாக இருந்தது. அவர் வேலை செய்கிற நேரம் முழுக்கப் பின்கண்ணாடிக்கு வெளியே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போலிருந்தது.

கடைசி வயரைச் சேர்த்தார்.

"போடும்மா" என்றார்.

முன்சீட்டில் உட்கார்ந்திருந்த நர்ஸ் சுவிட்சைத் திருகினாள். ஷெட்டுக்கு வெளியே, வெயில் விழாத நிழலில், தரை சிவந்தது.

ராத்திரியில் கரண்ட் போய், தெருவே இருட்டில் உட்கார்ந்திருந்து, திடீரென்று வந்தால் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரு சத்தம் எழும்புமே, "ஆ...!" என்று.

அந்தச் சத்தம் வந்தது.

ஒரு குரல் இல்லை. ஆண்கள், பெண்கள், இருமிக்கொண்டே ஒரு கிழவர், தூக்கத்திலிருந்து விழித்த ஒரு குழந்தை. எத்தனை பேர் என்று மின்னலால் பிரித்தறிய முடியவில்லை. வண்டிக்குப் பின்னால், காலியாகக் கிடந்த அந்த இடம் முழுக்க, நெருக்கியடித்துக்கொண்டு.

பிறகு ஒரே அமைதி.

நர்ஸ் திரும்பிப் பார்க்காமல், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி, மெதுவாகக் கேட்டாள்.

"அதுல அவர் குரல் இருந்துதாண்ணே?"



மின்னல் மண்டியிட்டிருந்த இடத்தில் வண்டியின் பின்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்தது. கூட்டமான பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் நகர்ந்து நகர்ந்து, அடுத்து ஏறப்போகிற ஒருவருக்கு இடம் விடுவது போல.