எழும்பச் சொன்ன மணிக்கூடு

ஆஸ்பத்திரியிலிருந்து பிரேமினி சிலாவத்தை வீட்டுக்கு வந்திறங்கியபோது நல்ல மத்தியானம். மெல்ரொன் அவளை ஓட்டோவிலிருந்து இறக்கி, முட்டைக் கூடையைத் தூக்கிப்போவது போல இரண்டு கையாலும் தாங்கிக் கொண்டுபோய்ப் புது அறைக் கட்டிலில் கிடத்தினான்.

வயிற்றில் பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கிடக்கிறது, பிள்ளை பிறக்கும்வரை படுத்த படுக்கைதான், குசினியைப் பார்க்கிறேன் முற்றத்தைக் கூட்டுகிறேன் என்று எழும்பினால் பிள்ளையும் இல்லை நீயும் இல்லை என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இதற்கு முதல் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய்விட்டன. மூன்றாவதையும் பறிகொடுக்க அவளிடம் தெம்பில்லை. படுக்கச் சொன்னால் படுப்பாள், தலைகீழாக நிற்கச் சொன்னாலும் நிற்பாள்.

புது அறை என்று பெயர்தான். சுவர் பூசி, கூரை போட்டு, பக்கத்திலேயே குளியலறையும் கட்டியாயிற்று. நிலத்துக்குச் சீமெந்து போடுவதற்குள் மேசன் வேறு வேலைக்கு ஓடிவிட்டான். நிரப்பிய மண் அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. நந்திக்கடலுக்கு அங்காலைக் கரையில் அள்ளி, ட்ரக்டர்காரன் ஒருவன் கொண்டுவந்து பறித்துவிட்டுப் போன மண். பரப்பும்போது ஒரு சின்னச் செருப்பு வந்தது. கடல் எதைத்தான் ஒதுக்காது என்று சொல்லி மெல்ரொன் அதை வேலிக்கு அப்பால் எறிந்தான். எந்த இடத்தில் அள்ளினாய் என்று அவன் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்தக் கரையைப் பற்றி இந்தப் பக்கத்துச் சனம் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் பிறகு எந்த மண்ணிலும் கால் வைக்கேலாது.

கையில் கட்டுகிற அந்த மணிக்கூடு அடுத்த கிழமை வந்தது. மெல்ரொனின் அக்கா ஜோசப்பின், ஊருக்கு வந்த ஒருவரிடம் கனடாவிலிருந்து கொடுத்துவிட்டிருந்தா. போனில் அதன் புகழைப் பாடத் தொடங்கினா பாருங்கள், நிறுத்தவேயில்லை. நாடி பார்க்குமாம். நித்திரை பார்க்குமாம். எத்தனை அடி நடந்தாய் என்று எண்ணுமாம். நாடி தறிகெட்டு ஓடினால் அங்கே தன்னுடைய போனில் மணி அடிக்குமாம். அவவுக்கோ ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. இங்கே மத்தியானம் என்றால் அங்கே அவ விழித்திருக்கிற நேரம். போதாததற்குத் தன் மகனைக்கொண்டு அதைத் தமிழில் பேசவும் வைத்திருந்தா.

மெல்ரொனுக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சார்ச் போடவேண்டும், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். வியர்த்தால் கையெல்லாம் தினவு. இராசேஸ்வரி அக்கா, பக்கத்து வீட்டுக்காரி, ஆசைக்குக் கட்டிப் பார்த்துத் தேங்காய் திருவினா, அவ்வளவையும் நடந்ததாக எண்ணிக் காட்டியது. நடைக்கும் தேங்காய் திருவலுக்கும் வித்தியாசம் தெரியாததிடம் என்ரை மனிசியை ஒப்படைக்கிறதோ என்று அவன் கேட்டான். கேட்டானே தவிர, அதிகாலையில் நாயாற்றுப் பக்கம் கடல் தொழிலுக்குப் போனால் பின்னேரம்வரை அவள் தனியத்தான் கிடக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே அவனே அவள் கையில் கட்டிவிட்டான்.

அதில் இன்னொரு குணமும் இருந்தது. ஆள் கனநேரம் அசையாமல் கிடந்தால் அதுக்குப் பொறுக்காது. ஒரு பெண்குரல் வரும்.

“எழுந்திருங்கள். சற்று நடங்கள்.”

பிரேமினிக்கு முதலில் சிரிப்புத்தான். டொக்டர் படு என்கிறார், இது எழும்பு என்கிறது, நான் யார் சொல்லைக் கேட்பது? நிறுத்தச் சொல்ல நினைத்தும் விட்டுவிட்டாள். ஆளரவம் இல்லாத வீட்டில் அந்தக் குரல் ஒரு பேச்சுத்துணையாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் குரல் வந்தது. அவள் வழக்கம்போல அசையாமல் கிடந்தாள். வெளியில் வெயில் கொதித்தது, காகம்கூடக் கத்தவில்லை. கட்டிலுக்குக் கீழே மண் சரசரத்தது. ஓணான் என்று நினைத்தாள்.

“நன்று. நடந்துவிட்டீர்கள்,” என்றது மணிக்கூடு.

அவள் விரலைக்கூட அசைக்கவில்லை. தேங்காய் திருவலை நடை என்று சொன்ன சாமான்தானே, மூச்சு விட்டதையும் நடை என்கிறது போல என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அடுத்த நாளும் அதே நேரம் அதையே சொன்னது. அதற்கடுத்த நாள் ஜோசப்பின் போன் எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசினா. தன்னுடைய போனில் எல்லாம் தெரியுதாம். ஒவ்வொரு மத்தியானமும் பிரேமினி முற்றம் வளவு முழுக்க நடந்து திரிகிறாளாம். இரண்டைத் தின்றது காணாதா என்று கேட்டுவிட்டா. அந்த ஒரு சொல்லுக்குப் பிரேமினி அன்று முழுக்க அழுதாள்.

கடலால் வந்த மெல்ரொனுக்கும் அக்கா சொல்லிவிட்டிருந்தா. அவன் கட்டிலடியில் வந்து நின்றான்.

“உண்மையைச் சொல்லு. எழும்பி நடந்தனியோ?”

“மாதாவாணை இல்லை.”

அவன் குந்தி அவளுடைய உள்ளங்காலைப் பார்த்தான். ஒரு பருக்கை மண் இல்லை. பிறகு குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தான். காலையில் அவனே தட்டிச் சமன் செய்துவிட்டுப் போன மண், மேடும் பள்ளமுமாகக் கிளறுப்பட்டுக் கிடந்தது. கோழி கிளறியிருக்கும் என்றான். அவர்கள் வீட்டில் கோழி இல்லை.

மறுநாள் அவள் நித்திரை கொள்ளவில்லை. சரிந்து படுத்து நிலத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். செபமாலை கையில் இருந்தது.

குரல் வந்தது.

சுவரடியில் மண் மெல்ல உயர்ந்தது.

போர்வைக்குள் படுத்திருக்கிற பிள்ளை முழங்காலை மடக்கினால் எப்படி உயரும், அப்படி. உயர்ந்த மண் இரண்டு பக்கமும் சரிந்து வடிந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. ஆனால் ஒரு மணம் வந்தது. ஈரச் சாக்கு மணம். அதோடு உப்பில்லாக் கஞ்சி மணம்.

பிறகு கால்தடம் விழுந்தது.

சின்னக் கால். அதற்குப் பக்கத்தில் அதைவிடச் சின்னது. தடங்கள் ஒன்றின்பின் ஒன்றாக வாசலுக்குப் போயின. வளவைச் சுற்றுகிற சத்தம் கேட்டது. தேடிக் களைத்தவர்களைப் போல மெதுவாகத் திரும்பி வந்து, வந்த இடத்திலேயே மண்ணுக்குள் அமிழ்ந்தன.

“நன்று. நடந்துவிட்டீர்கள்.”

பிரேமினிக்கு அந்த மணத்தைத் தெரியும். சின்ன வயதில், கடைசிச் சண்டையின்போது, அவளும் அந்தக் கரையில்தான் கிடந்தாள். செல் குண்டு கூவுகிற சத்தம் கேட்டதும் தாய் அவளைப் பதுங்குகுழிக்குள் தள்ளி முதுகில் கையை வைத்து அமத்துவா. நான் சொல்லுமட்டும் தலை தூக்கப்படாது என்பா. எல்லாத் தாய்மாரும் தங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொன்னார்கள். அவளுடைய தாய் பிறகு எழும்பு என்று சொன்னா, அவள் எழும்பினாள். மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. சொல் கேட்கிற பிள்ளைகள், பாவங்கள், இவ்வளவு காலமும் தலை தூக்காமல் படுத்திருக்கிறார்கள். இப்போது ஒரு பெண்குரல் எழும்பச் சொல்கிறது. அவர்கள் எழும்பித் தாயைத் தேடுகிறார்கள்.

பயத்தை முந்திக்கொண்டு அவளுக்கு அழுகைதான் வந்தது.

அன்றே ஜோசப்பினிடம் கெஞ்சினாள். மச்சாள், மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்த எழும்பச் சொல்கிறதை மட்டும் நிறுத்துங்கோ. ஜோசப்பின் நம்பவில்லை. கள்ளமாய் நடக்கிறதை மறைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தா. நினைக்காவிட்டாலும் அவவுக்கு அதை நிறுத்தத் தெரியாது. மகன் பூட்டித் தந்தது, ஒன்றில் கை வைத்தால் நாடி பார்க்கிறதும் போய்விடும், வேண்டுமென்றால் முழுதாய்க் கழற்றி வை என்றா.

கழற்றலாம். கழற்றினால் மண் அசையாது. ஆனால் தனியக் கிடக்கும்போது இரத்தம் உடைத்தால் கனடாவில் மணி அடிக்காது, இராசேஸ்வரி அக்காவுக்குத் தெரியாது, மெல்ரொன் பின்னேரம் வந்து பிணத்தைத்தான் பார்ப்பான். கட்டியிருந்தால் பிள்ளைக்குக் காவல், கட்டிலைச் சுற்றி அவர்கள். அவள் பொழுதுபடும்வரை யோசித்தாள். வயிற்றில் பிள்ளை ஒரு உதை உதைத்தது. கட்டியபடியே இருந்தாள்.

இடம் மாறிப் படுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கேட்டாள். மற்ற அறைக்குக் குளியலறை இல்லை, நடக்கவேண்டிவரும் என்று மெல்ரொன் மறுத்துவிட்டான். மண்ணுக்குள் பிள்ளைகள் கிடக்கிறார்கள் என்று அவனிடம் அவள் சொல்லவில்லை. அந்த மண்ணைக் கொண்டுவரச் சொன்னவன் அவன். சொன்னால் தாங்கமாட்டான்.

அந்த நாளும் வந்தது. மத்தியானம் கண் அயர்ந்திருந்தவளை அடிவயிற்றில் ஒரு பிடிப்பு எழுப்பியது. தொடையில் சூடாக ஏதோ வழிந்தது. கையை வைத்துப் பார்த்தாள். இரத்தம். நெஞ்சு படபடவென்று அடித்தது. போனை எட்டினாள், அது கை தட்டி மண்ணில் விழுந்தது. அசையப் பயமாக இருந்தது.

“எழுந்திருங்கள். சற்று நடங்கள்.”

அறை முழுக்க மண் உயர்ந்தது.

இந்த முறை தடங்கள் வாசலுக்குப் போகவில்லை. கட்டிலை நோக்கி வந்தன. வந்து சுற்றி நின்றன.

மணிக்கூடு கட்டிய கையை ஒரு சின்னக் கை பிடித்தது. குளிர்ந்த கை. விரல்களுக்கிடையில் மண் உறுத்தியது.

“அக்கா, எழும்புங்கோ. சொல்லிப்போட்டினம்.”

மிக மெல்லிய குரல். அன்பான குரல். அதுதான் அவளை நடுங்க வைத்தது. அவளும் தங்களைப் போலப் படுத்திருக்கிறாள், பாவம், சொன்னது கேட்கவில்லையாக்கும் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். இன்னொரு கை கணுக்காலைப் பிடித்தது. இன்னொன்று முதுகுக்குக் கீழே புகுந்து தூக்கியது. எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள்.

ஒரு கால் கட்டிலைவிட்டு இறங்கியது.

இரத்தம் இன்னும் வேகமாக வழிந்தது.

மற்றக் காலும் இறங்கினால் பிள்ளை போய்விடும். அது அவளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறந்தாள். வந்தது அவளுடைய தாயின் குரல்.

“படுங்கோ. இன்னும் சொல்லேல்லை. நான் சொல்லுமட்டும் ஒருத்தரும் தலை தூக்கப்படாது.”

கைகள் நின்றன.

ஒவ்வொன்றாக விட்டன. மண் இறங்குகிற சத்தம் கேட்டது. கடைசியாக, மிகச் சின்ன ஒன்று விம்மலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு படுத்தது. பிரேமினி ஓவென்று அழுதாள். காத்திருந்த பிள்ளைகளுக்குப் பொய் சொல்லித் திரும்பவும் படுக்க வைத்த பாவியாகிவிட்டேன் என்று அழுதாள்.

அப்போது இராசேஸ்வரி அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தா. கனடாவில் மணி அடித்திருந்தது. ஜோசப்பின் அங்கிருந்து கத்திய கத்தில் ஓட்டோவும் வாசலுக்கு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை. எலிக்குஞ்சு மாதிரி இருந்தாலும் உயிரோடு இருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேரும் இல்லை என்றார் டொக்டர். மணிக்கூடுதான் காப்பாற்றியது என்று ஜோசப்பின் இனசனம் முழுக்கப் போன் எடுத்துச் சொன்னா. சொன்னது பொய்யில்லை. பிரேமினியும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி அலுமாரிக்குள் போட்டவள்தான், பிறகு சார்ச் போடவேயில்லை. அவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் மெல்ரொன் மேசனைக் கையோடு கூட்டிவந்து அறைக்குச் சீமெந்தும் போட்டுவிட்டான். குரலும் இல்லை, மண்ணும் இல்லை. எல்லாம் முடிந்தது என்று அவள் நம்பினாள்.

பிள்ளை வளர்ந்தது. பால் குடித்தது, நிறை கூடியது. ஒரு குறைதான். குப்புறக் கிடத்தினால் தலையைத் தூக்காது. மாதம் குறையப் பிறந்தது, பிந்தித்தான் தூக்கும் என்று பொறுத்தார்கள். மற்றதெல்லாம் சரியாக வந்தது, அது மட்டும் வரவில்லை. மெல்ரொன் கடலுக்குப் போக மனமில்லாமல் பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருந்தான்.

குடும்பநல மாது யதுர்ஷிகா வீட்டுக்கு வந்து பார்த்தா. விறாந்தையில் பாயை விரித்துப் பிள்ளையைக் குப்புறக் கிடத்தினா. பிள்ளை ஒரு கன்னத்தைப் பாயில் வைத்து, கண்ணை விரித்து, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. அவ கழுத்தைத் தடவிப் பார்த்தா, முதுகைத் தடவிப் பார்த்தா.

“பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை. கழுத்து நல்ல பலமாய்த்தான் இருக்கு. ஏனோ தூக்காமல் கிடக்குது. நீங்கள் முன்னுக்கு வந்து கூப்பிடுங்கோ, அம்மா. எழும்பு எண்டு சொல்லுங்கோ. தாயின்ரை குரலுக்குத்தான் தூக்கும்.”

பிரேமினி புது அறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒருத்தரும் தலை தூக்கப்படாது என்று அவள் சொன்ன அன்று, இந்தப் பிள்ளையும் அவளுடைய வயிற்றுக்குள் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தது.

சொல்லாவிட்டால் தன் பிள்ளை ஒருகாலமும் தலை தூக்காது. சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். மெல்ரொன் அவளைப் பார்த்தான், சொல்லு என்று கண்ணால் கெஞ்சினான். அவள் புது அறை வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளையின் முன்னால் இருந்தாள்.

“எழும்பு, ராசாத்தி,” என்றாள்.

பிள்ளை தலையைத் தூக்கியது.

யதுர்ஷிகா கை தட்டினா. மெல்ரொன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில், அறைக்குள் சீமெந்து நெட்டுக்கு வெடித்துப் போகிற சத்தத்தைப் பிரேமினி மட்டும்தான் கேட்டாள்.

பிள்ளை தாயைப் பார்க்கவில்லை. தாயின் தோளுக்கு மேலால், வாசல் பக்கம் பார்த்தது. பார்த்துச் சிரித்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் பார்த்துச் சிரித்தது. பிறகு அதற்கும் பக்கத்தில்.

பிரேமினி திரும்பவில்லை. பிள்ளையின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை ஒருவரைப் பார்த்து, அடுத்தவரைப் பார்த்து, அடுத்தவரைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தன.