பழமும் பழியும்

"என் கையில என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க டாக்டர்" என்று கேக்கத்தை இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள்.

கேக் செய்து விற்கும் அத்தைக்கு அண்ணன் மகள் மழலையில் வைத்த பெயர் அது. ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. அந்த மகளின் கல்யாண வரவேற்புக்குத்தான் அவள் ஆசை ஆசையாகப் பெரிய கேக் செய்துகொடுத்தாள். ஒரு வாரம் கழித்து, வந்தவர்களில் பாதிப் பேர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். கல்யாணப் பெண்ணும் படுத்தாள். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதாகியிருந்த அண்ணன், உடம்பில் நீர் வற்றி ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டார். "என் புருஷனை முழுங்கிட்டியேடி" என்று அண்ணி அவள் முகத்தில் அறைந்தாற்போலக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு கேக்கத்தையின் கடைப் பக்கம் ஈ காக்காய் வரவில்லை.

தொற்றுநோய்ப் பிரிவின் டாக்டர் அளந்து பேசும் பெண்மணி. பக்கத்தில் இருந்த சுகாதார ஆய்வாளரை அலுவலகத்தில் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உங்களுக்கும் வயித்துப்போக்கா?" என்றார் அவசரம்.

"ஆமா. இன்னும் முழுசா நிக்கலை."

"அப்புறமென்ன டாக்டர்! இவங்க கையிலேர்ந்து கேக்குக்கு, கேக்குலேர்ந்து எல்லாருக்கும். முடிஞ்சுபோச்சு!"

கேக்கத்தை விரித்த கைகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள். டாக்டர் அவசரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு எப்போ ஆரம்பிச்சுதும்மா?"

"எல்லாருக்கும் வந்த அதே சமயத்துலதான்."

கேக் எப்படிச் செய்தாள் என்று டாக்டர் விசாரித்தார். பெரிய கேக்கின் மேலே, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்த, முத்து முத்தாக ஒட்டிய சிவப்பு ராஸ்பெரிப் பழங்களைப் பச்சையாகவே பரப்பியிருந்தாள். குழந்தைகளுக்குத் தனியாகச் சின்னக் கேக்குகள். அவற்றுக்குள் அதே பழத்தைச் சர்க்கரையோடு கொதிக்கக் காய்ச்சி வைத்திருந்தாள்.

"பழத்தை நல்லா அலசினேன் டாக்டர். நசுங்கினதை மட்டும் வீணாக்க மனசில்லாம நானே வாயில போட்டுக்கிட்டேன்."

"குழந்தைங்கள்ல யாராவது படுத்தாங்களா?"

கேக்கத்தை யோசித்தாள். "இல்லையே. அதுங்க குதிச்சுக்கிட்டுத்தான் இருக்குதுங்க."

டாக்டர் அவசரத்திடம் திரும்பினார். "வழக்கமான சோதனையில சிக்காத ஒரு ஒட்டுண்ணி இருக்கு. அதையே குறியாத் தேடச் சொல்லுங்க."

சோதனை முடிவு வந்ததும் டாக்டர் எல்லாரையும் அண்ணன் வீட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார். கேக்கத்தை வாசலோரமாக ஒண்டி நின்றாள். மகள் நாற்காலியில் துவண்டு கிடந்தாள். கேக்கத்தைக்குப் பழம் விற்ற வியாபாரி கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். அண்ணி நாத்தனாரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"கிருமி சிக்கிடுச்சு" என்றார் டாக்டர். "சைக்ளோஸ்போரான்னு பேரு. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. உள்ளே போய் ஆள்களைப் படுக்கவைக்கவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கேக் செஞ்ச அன்னிக்கு இந்தம்மா நல்லாத்தான் இருந்தாங்க. மத்தவங்க படுத்தப்போதான் இவங்களும் படுத்தாங்க. அப்போ இவங்க கொடுத்தவங்க இல்லை. கூடவே வாங்கிக்கிட்டவங்க."

அவசரம் விடவில்லை. "கையில முன்னாடியே இருந்திருந்தா?"

"மனுஷ உடம்பிலேர்ந்து வெளியே வந்ததும் இது தொத்தாது. வெளியில பல நாள் கிடந்து முத்தணும். அதனால கைக்குக் கை தொத்தாது. இன்னொண்ணு, குழந்தைங்களோட கேக்கும் இதே கை செஞ்சதுதான், இதே பழந்தான். ஒரே வித்தியாசம், அந்தப் பழம் அடுப்பேறிச்சு. கொதிச்சா இது செத்துடும். அலசினா போகாது. பழத்தோட இடுக்குல ஒட்டிக்கிட்டு இருக்கும்."

வியாபாரி குரலை உயர்த்தினார். "என் பழத்தைக் குத்தம் சொல்லாதீங்க! இதே சரக்கைத்தான் பக்கத்து ஊரு ஹோட்டலுக்கும் அனுப்பினேன். அங்க யாராவது வாயைத் திறந்தாங்களா?"

"அந்த ஹோட்டல் பேச்சை நீங்களே எடுக்கணும்னுதான் காத்திருந்தேன்" என்றார் டாக்டர். "அங்கே பழக்கலவை சாப்பிட்டவங்க அந்த ஊர் ஆஸ்பத்திரியில கிடக்கறாங்க. அதே ஒட்டுண்ணி. இந்தம்மா கேக்கை அவங்க கண்ணாலகூடப் பாத்ததில்லை. பழம் விளைஞ்ச இடத்துலயே அசுத்தமான தண்ணி பட்டிருக்கணும். உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா மிச்சச் சரக்கு இனி ஒருத்தர் வாய்க்கும் போகக் கூடாது."

வியாபாரியின் விறைப்பு இறங்கியது. போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

ஆய்வாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒண்ணு மட்டும் இடிக்குது டாக்டர். வீட்டுக்கார அம்மாவும் பெரிய கேக்தானே சாப்பிட்டாங்க? அவங்களுக்கு ஒண்ணும் வரலையே?"

டாக்டர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவருக்குக் காரணம் முன்பே தெரிந்திருந்தது என்று கேக்கத்தைக்கு அப்போதுதான் உறைத்தது.

"எனக்குப் புளிப்பு ஆகாது" என்றாள் அண்ணி. "மேல இருந்ததையெல்லாம் வழிச்சு..." முந்தானை வாய்க்குப் போனது. "அவருக்குப் பிடிக்குமேன்னு அவர் தட்டுல வெச்சேன். நான்தான் வெச்சேன்."

தன்மேல் விழுந்த பழி நீங்கிவிட்டது என்று கேக்கத்தைக்குத் தெரிந்தது. ஆனால் அது யார் தலையில் போய் இறங்குகிறது என்று பார்த்தபோது, நிம்மதியாக மூச்சுவிடக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. போய் அண்ணியின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அண்ணன் தட்டுல முன்னாடியே பழம் இருந்துச்சு அண்ணி. நான் வெட்டிக் கொடுத்த துண்டு."

"ஒரு பழமே போதும்மா" என்றார் டாக்டர் மெதுவாக. "தன் பங்கை மட்டும் சாப்பிட்டவங்களும்தான் படுத்தாங்க. நீங்க வைக்காம இருந்திருந்தாலும் தப்பியிருக்க மாட்டார்."

அண்ணி வெகுநேரம் அழுதாள். டாக்டர் மகளுக்கும் கேக்கத்தைக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு ஆய்வாளரோடு கிளம்பினார். கேக்கத்தையும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்க போற?" என்றாள் அண்ணி, கண்ணைத் துடைக்காமலே. "வெறும் வயித்துல மாத்திரை போடக் கூடாதாம். பொண்ணு ரெண்டு நாளா ஒண்ணும் தொடலை. உள்ள போய் ஏதாவது செஞ்சு கொடு."

கேக்கத்தை செருப்பைக் கழற்றினாள்.

"எனக்கும் சேத்துச் செய்" என்றாள் அண்ணி.