இருபதுக்குக் கீழே

நிழலூர்ப் பாதாள நகரத்தின் நாலு லட்சம் பெருங்குடி மக்களுக்கும் நல்வாழ்வு மன்றம் பேருவகையோடு அறிவிப்பது என்னவென்றால்: மாவு, பால், எண்ணெய், உப்பு அனைத்திலும் கதிர்ச்சத்து, அதாவது வைட்டமின் டி, செறிவூட்டப்பட்டுவிட்டபடியால், மனிதகுலம் இனிச் சூரியனின் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. வெற்றியைக் கொண்டாட எங்கும் விழாப் பால்கோவா வழங்கப்படும். ஒரு துண்டு தின்றால் ஒரு மணி நேரத்தில் மூன்று மாதச் சத்து இரத்தத்தில் ஏறிவிடும்.

ஒலிபெருக்கி இதை மூன்றாம் முறை முழங்கியபோது இலஞ்சியம் வழக்கம்போல் வரக்காப்பி குடித்து, தொட்டியில் வளர்த்த கிழங்கை உப்பில்லாமல் தின்றுகொண்டிருந்தாள். செறிவூட்டல் தொடங்கியதிலிருந்து ஏழு மாதமாக இதுதான். இரத்தத்தில் சத்து இருபதுக்குக் கீழே இறங்கினால்தான் வெயில் சீட்டு கிடைக்கும். சீட்டு இருந்தால் மேலே போய்க் கால் மணி நேரம் நிற்கலாம். மேலே அவள் கணவன் சகாயம் சூரியத் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒன்பது வருட ஒப்பந்தம் முடியாமல் இறங்கக் கூடாது. ஐந்துதான் முடிந்திருந்தது.

மருத்துவ நிலையத்தில் செவிலி ஜெசிந்தா திரையைப் பார்த்துக் கத்தினாள். "அக்கா, பத்தொம்பது! ஊர்லயே நீ ஒருத்திதான் தேறுன!"

இலஞ்சியம் உடனே போன் போட்டாள். "ஏங்க, சீட்டு கெடச்சிருச்சு. பதினோரு மணிக்கு. அந்த நீலச் சட்டையப் போடுங்க."

"அது வெளுத்து வெள்ளச் சட்டையாயிருச்சு. நான் கறுத்துட்டேன். அடையாளம் தெரியுமா ஒனக்கு?"

"தெரியலன்னா கையப் பிடிச்சுப் பாத்துக்கிறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நல்ல சேதிக்கு வெறும் வாயோட போவியா? ஆ காட்டுக்கா!" என்றாள் ஜெசிந்தா.

நல்ல சேதி என்றால் வாயில் இனிப்பு. சூரியனை மேலே விட்டுவந்த ஜனங்கள் இந்த வழக்கத்தை மட்டும் பத்திரமாகச் சுமந்து வந்திருந்தார்கள். இலஞ்சியம் வாயைத் திறந்தாள். விழுங்கிய பிறகுதான் இருவரும் மேசைமேல் இருந்த விழாப் பெட்டியைப் பார்த்தார்கள்.

"ஐயோ, அக்கா..."

"பேசாத. ஓடிப் பாக்கிறேன்."

மேல்வாசலுக்கு ஒரு மணி நேர ஏற்றம். அங்கே மறுபரிசோதனைக் கருவி விரலைக் குத்தியது. நாற்பத்தொன்று. பச்சை விளக்கு எரிந்தது, வாழ்த்திசை ஒலித்தது. காவலர் எழுந்து கைதட்டினார்.

"பூரண ஆரோக்கியம்மா. வீட்டுக்குப் போலாம்."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பது கேட்டது. அந்த நடை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

அந்தப் பால்கோவாவில் சர்க்கரைகூடக் கம்மி.