கட்டி பக்கம் மாறிய வழக்கு

காலையிலிருந்து பூட்ஸுக்குள் கிடந்த குதிகால், மதியத்துக்குள் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. ஸ்கேன் பிரிவு வாசலில் நிற்கும் அந்தக் காவலாளியை எல்லோரும் மீசை என்றே கூப்பிட்டார்கள். பணி நேரத்தில் உட்காரக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. உத்தரவு போட்டவர்கள் உட்கார்ந்துகொண்டே போட்டிருந்தார்கள்.

ஏதாவது குற்றம் நடந்தால் தேவலை, விசாரிக்கிற சாக்கில் உள்ளே போய் உட்காரலாம் என்று அவர் ஏங்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் வந்தாள். ஸ்கேன் படங்கள் இருந்த இரண்டு பெரிய உறைகளை மார்போடு அணைத்திருந்தாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர் தலைக்குள்ள இருக்கிற கட்டி பக்கம் மாறிடுச்சு."

"கட்டி என்னம்மா வாடகை வீட்லயா இருக்கு, காலி பண்ணிட்டுப் போக?"

"போன மாசம் வேற ஆஸ்பத்திரியில வலப்பக்கம்னாங்க. இங்க இடப்பக்கம்ங்கிறாங்க. நாளைக்குக் காலையில மண்டையைத் திறக்கப் போறாங்க. பெரிய டாக்டரைக் கேட்டா, புதுப் படம்தான் தெளிவா இருக்குங்கிறாரு. தெளிவா இருந்தா போதுமா, சரியா இருக்க வேணாமா?"

மீசைக்குக் குதிகால் மறந்துபோயிற்று. அவளை நேரே கணக்கம்மாவிடம் அழைத்துப் போனார். ஸ்கேன் இயந்திரங்களைக் கவனிக்கும் இயற்பியல்காரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் அது. தலையில் இடி விழுந்தாலும், எத்தனை டிகிரி சாய்ந்து விழுந்தது என்று கேட்கிற பிறவி.

கணக்கம்மா இரண்டு படங்களையும் விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, பாதி தின்ற பன்னைக் கையில் எடுத்தாள். "மீசை, என்ன தெரியுது?"

எது இடது, எது வலது என்று சொல்லும் எழுத்துகள் படத்தின் ஓரத்தில் இருந்தன. மீசை மூக்கு ஒட்டும்படி நெருங்கிப் பார்த்தார். "காது மேடம். பழசுல இடது காது அரைதான் இருக்கு. புதுசுல வலது காது அரை. இது வேற ஆளு. தலையை மாத்திட்டாங்க."

"அப்போ அரைக்காதோட ரெண்டு பேரு, ரெண்டு பேருக்கும் ஒரே அளவுல கட்டி. அப்படியா?"

"கும்பலா இருக்கலாம் மேடம்."

கணக்கம்மா பன்னை முழுதாக மென்று விழுங்கிவிட்டுத்தான் எழுந்தாள். "வாங்க, அந்தக் கும்பலைப் பார்த்துட்டு வருவோம்."

வார்டில் அந்த அம்மாளின் கணவர், மூட்டை தூக்குகிறவர், தவளை மாதிரி குப்புறக் கிடந்தார். இடது காதின் மேல்பாதி இல்லை. கொக்கி கிழித்தது என்றார். பின்கழுத்தில் தேங்காய் மூடி கவிழ்த்ததுபோல் காய்ப்பு.

"எப்பவும் இப்படித்தான் படுப்பீங்களா?"

"இருபது வருஷ மூட்டைங்க. மல்லாந்தா கழுத்துல உயிர் போகும். முன்ன எடுத்த எடத்துல தலகாணிக்கு நடுவுல பள்ளம் வச்சு மல்லாத்தினாங்க. இங்க கூட்டம், யாருக்கு நேரம்?"

"கட்டி எந்தப் பக்கம் வலிக்குது?"

"தலை பூரா வலிக்குது. உள்ள போயி நானா பார்த்தேன்?"

"போதும்" என்றாள் கணக்கம்மா. மீசைக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததுபோல் மீசையை முறுக்கிக்கொண்டார்.

மாலையில் கணக்கம்மாவின் அறையில் பெரிய டாக்டர், படமெடுக்கிற டெக்னீஷியன், படங்களை நேராக்கும் புரோகிராம் எழுதிய கம்ப்யூட்டர்காரர் மூவரும் கூடினார்கள். மூட்டைக்காரரின் மனைவி சுவரோரம் நின்றாள். மீசை கதவைத் தாழிட்டு, தப்பிக்க வழியில்லாதபடி நாற்காலியை அதன் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். அப்பாடா என்றது குதிகால்.

"காலையில எனக்கு ஆபரேஷன் இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க" என்றார் பெரிய டாக்டர்.

"அதுக்காகத்தான் சார் கூப்பிட்டேன். அவருக்கு அரையா இருக்கிறது இடது காது. நேர்ல பார்த்தேன். உங்க புதுப் படத்துல அது வலப்பக்கம் இருக்கு. காது மாறியிருக்குன்னா கட்டியும் மாறியிருக்கு." பிறகு டெக்னீஷியன் பக்கம் திரும்பினாள். "அவரைக் குப்புறப் படுக்க வச்சுத்தானே எடுத்தீங்க?"

"ஆமா. அவரால வேற மாதிரி முடியல."

"மெஷின்ல என்ன பொத்தானை அமுக்கினீங்க?"

டெக்னீஷியன் தன் விரலையே பார்த்தார். "மல்லாந்துன்னு... எல்லாரும் மல்லாந்துதானே மேடம் படுப்பாங்க. கை தானாப் போயிடுது."

"குற்றவாளி ஒத்துக்கிட்டான்" என்று மீசை பாதி எழுந்தார்.

"உட்காருங்க மீசை, இன்னும் பாதி இருக்கு. அது மட்டும்னா படம் தலைகீழா வந்திருக்கும். மூக்கு கீழ இருக்கே, என்னமோ தப்புன்னு யாராவது கேட்டிருப்பாங்க. ஆனா இதுல மூக்கு மேலதான் இருக்கு."

கம்ப்யூட்டர்காரர் தொண்டையைச் செருமினார். "அது என் புரோகிராம். மூக்கு கீழ பார்த்தா தானாவே மேல சுத்திடும். வெறும் சுத்தல்தான் மேடம், ஒரு சின்ன மேட்ரிக்ஸ்."

"எழுதுங்க."

அவர் வெள்ளைப் பலகையில் மூன்று வரிசை எண்கள் எழுதினார். மூலைவிட்டத்தில் ஒன்று, கழித்தல் ஒன்று, ஒன்று. மற்ற இடமெல்லாம் சுழி.

"மீசை, வலது பூட்ஸைக் கழட்டுங்க."

மீசை மகிழ்ச்சியோடு கழற்றினார். அறையில் இருந்தவர்கள் மூச்சை அடக்கினார்கள். கணக்கம்மா அதை ஒரு காகிதத்தால் பிடித்து, அப்படியும் இப்படியும் உருட்டினாள். "எவ்வளவு சுத்தினாலும் இது இடது கால் பூட்ஸ் ஆகுமா? ஆகாது. கண்ணாடிக்குள்ள மட்டும்தான் ஆகும். தலைகீழ் படத்தை நேராக்க அரைச்சுத்து சுத்தணும். அரைச்சுத்துல மேல் கீழும் மாறணும், இடம் வலமும் மாறணும். ரெண்டு கழித்தல் குறி. நீங்க ஒண்ணுதான் போட்டிருக்கீங்க. மூலைவிட்டத்துல இருக்கிற மூணு எண்ணையும் பெருக்குங்க. கழித்தல் ஒண்ணு. வெறும் சுத்தல்னா கூட்டல் ஒண்ணுதான் வரும். நீங்க சுத்தல, கண்ணாடி காட்டியிருக்கீங்க."

கம்ப்யூட்டர்காரர் வாய்க்குள் பெருக்கினார். "மூக்கு மேல வந்ததும் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

"எல்லாரும் மூக்கைத்தான் பார்த்தோம்" என்றாள் கணக்கம்மா.

பெரிய டாக்டரின் குரல் இறங்கியிருந்தது. "இன்னொரு படம் எடுங்க. எப்படிப் படுத்திருக்கார்னு கண்ணால பார்த்துட்டு அமுக்குங்க."

எடுத்தார்கள். கட்டி வலப்பக்கம். மறுநாள் வலப்பக்கமே திறந்தார்கள். கண் விழித்ததும் மூட்டைக்காரர் முதலில் கேட்டது, குப்புறப் படுக்கலாமா என்பதுதான். "கொஞ்ச நாள் பொறுங்க, படம் எடுத்தவங்களுக்கே இப்பத்தான் திசை தெரிஞ்சிருக்கு" என்றாள் மனைவி.

ஆனால் கணக்கம்மா கோப்பை மூடவில்லை. அந்தப் புரோகிராம் இதற்கு முன் யார் யார் படத்தின் மூக்கைத் தூக்கிவிட்டது என்று தேடச் சொன்னாள். மூன்று பேர் அகப்பட்டார்கள். முதல் ஆளுக்குக் கட்டியே இல்லை. இரண்டாமவர் மறுபடி படமெடுக்க மறுநாளே வருவதாகச் சொன்னார். மூன்றாமவர் வேறெங்கோ சிகிச்சைக்குப் போவதாகச் சொல்லி, படத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தார். மீசை மறுபடி ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, அவருடைய போன் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். மணி போனது. எடுப்பாரில்லை.

அந்த ஆளுக்கு அவருடைய தலையின் சரியான பக்கத்தை இந்த ஆஸ்பத்திரி இன்னும் கொடுக்கவில்லை.