இசக்கியின் பக்கம்

தவழூர்தி புறப்பட முப்பத்தொரு மணி நேரம் இருந்தது. இசக்கி தன்னைப் பற்றிய விக்கிப் பக்கத்தைத் திறந்து, அதிலிருந்த ஒரே ஒரு வரியை அழித்தாள். சேமித்தாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வரி திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டது. கீழே சிறிய எழுத்தில் காரணம்: "தன்னைப் பற்றித் தானே எழுதலாகாது. விதி 1. விதியை எழுதியவர்: இசக்கியம்மாள்."

இது மூன்றாவது முறை. இனி முயன்று பயனில்லை. அந்தப் பூட்டைச் செய்தவளே அவள்தான். நிர்வாகிக்கும் திறக்காதபடி செய்திருந்தாள்.

வரி இதுதான்: "தனிமையை விரும்புபவர்."

அதற்கு இரண்டு சான்றுகள். சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே சாப்பிடுவார். கண்டவர் ஜெபராணி, சமையல். பொங்கல் விழாவில் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். கண்டவர் சுடலைமுத்து, ஊர்தி ஓட்டுநர். அதற்கும் கீழே, "இது ஒரு குறுங்கட்டுரை. நீங்கள் இதை விரிவாக்கலாம்" என்றிருந்தது. இதுவரை யாரும் விரிவாக்கவில்லை.

அந்த ஒரு வரியை நம்பித்தான் 'நடத்தி' என்ற இயந்திரம் அவளை மறுபுற நிலையத்துக்கு அனுப்புகிறது. நிலவின் மறுபக்கம். பூமி கண்ணில் படாத இடம். ஒரு வானொலித் தொலைநோக்கி, ஓர் அறை, ஓர் ஆள். தொலைநோக்கிக்கு இரைச்சல் ஆகாது என்பதால் பேச்சுத் தொடர்பும் கிடையாது. வாரம் ஒருமுறை எழுத்தில் ஓர் அறிக்கை அனுப்பலாம். நானூறு நாள்.

விரும்பிக் கேட்டவர்கள் இருவர் இருந்தார்கள். அவர்களுடைய பக்கங்களில் "பேச்சுத் துணை இல்லாமல் இருக்க மாட்டார்" என்று நண்பர்கள் எழுதி வைத்திருந்தார்கள். நடத்தி இருவரையும் ஒதுக்கிவிட்டது.

பனிக்கரைக் குடியிருப்பில் காற்று, தண்ணீர், வெப்பம், கதவு, வேலைப் பங்கீடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் இயந்திரம்தான் நடத்தி. நிலவின் தென்முனையில் பனிக்கட்டி வெட்டும் அறுபத்து மூன்று பேரின் மூச்சு அதன் பொறுப்பில் இருந்தது. அதற்கு முந்தைய இயந்திரங்கள் தாமாகவே ஊகித்தன. ஊகம் தவறிய ஒரு நாளில் ஒரு குடியிருப்பே மூச்சுத் திணறியது. அதன்பின் எந்த நடத்திக்கும் ஊகிக்கும் உரிமை இல்லை. மனிதர்கள் எழுதியது மட்டுமே அதற்கு உண்மை.

இசக்கி வந்து இறங்கியபோது அது பூமியில் எழுதி அனுப்பிய கையேட்டை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தது. கையேட்டுக்குத் தெரியாத பனிக்கரை ஆட்களின் தலைக்குள் இருந்தது. மூன்றாம் எண் பம்பை எங்கே தட்டினால் ஓடும் என்பது ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் தூங்கினால் பம்பும் தூங்கும்.

அவளை யாரும் கேட்கவில்லை. தானாகவே ஓர் உபரிக் கணினியில் ஒரு விக்கியை நிறுவினாள். முதற்பக்கத்துக்கு "பனிக்கரை விக்கி" என்று பெயர் வைத்தாள். பம்பு, குளியலறை, காற்று வடிகட்டி, பூமிக்குப் பேசும் முறை என்று முப்பது தலைப்புகளைச் சிவப்பு இணைப்புகளாக விட்டாள். பக்கம் இன்னும் எழுதப்படவில்லை என்பதைக் காட்டும் சிவப்பு. அதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், யாராவது எழுதுவார்கள் என்று படித்திருந்தாள்.

ஒரு மாதம் யாரும் எழுதவில்லை. முப்பதும் சிவப்பாகவே இருந்தன.

பிறகு அவளே இரண்டு பக்கங்களை எழுதினாள். ஒன்று ரசம். மற்றொன்று தவழூர்தி.

மறுநாள் காலையில் கதவு இடிபட்டது. திறந்தால் ஜெபராணி, கையில் கரண்டியோடு.

"ஏட்டி, நீதானா அது? ரசத்தை இருவது நிமிசம் நல்லாக் கொதிக்க விடணுமா? நீ சோறு திங்கிற வீட்டுலதான் பொறந்தியா?"

"தப்பா அக்கா?"

"தப்பாவா! நுரை கட்டுனதும் இறக்கணும்ட்டி. இல்லாட்டி அது ரசமா, கசாயம். தள்ளு, எங்க எழுதணும், காட்டு."

இசக்கி நகர்ந்து இடம் கொடுத்தாள். ஜெபராணி ஒரு விரலால் தட்டித் தட்டி முக்கால் மணி நேரம் எழுதினாள். நடுநடுவே அவள் பேச்சில் தூத்துக்குடி மாமியார் வந்து போனார். பனிக்கரை விக்கியின் முதல் திருத்தம் அது.

மாலையில் சுடலைமுத்து வந்தான்.

"ஏ பிள்ள, தவழூர்திக்கு ஆறு சக்கரம்னு எழுதியிருக்கியே. மிச்சம் ரெண்டைக் கழட்டி வித்துட்டியா?"

அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டு எண்ண வைத்தான். எட்டு.

அடுத்த சில மாதங்கள் அப்படியே போயின. விக்கி கட்டத் தெரிந்த பிள்ளைக்கு வேறொன்றும் தெரியாது என்று கூடத்தில் கேலி பேசினார்கள். அவள் எழுதும் பக்கங்களில் எங்காவது ஒரு தவறு இருக்கும். அதைத் திருத்த யாராவது வருவார்கள். வந்தவர்கள் கட்டிலில் உட்கார்ந்தார்கள், தண்ணீர் டின்னில் உட்கார்ந்தார்கள். "இது மணல்தொட்டி. இதில் எதை வேணும்னாலும் கிறுக்கிப் பாக்கலாம், ஒண்ணும் கெட்டுப்போகாது" என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். அதைவிட நீளமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

விக்கி வளர்ந்தது. பம்பு எழுதப்பட்டது, அந்த ஆள் நிம்மதியாகத் தூங்கினார். சிவப்பெல்லாம் நீலமானது. நிர்வாகம் கையேட்டைக் கழற்றிவிட்டு நடத்தியை விக்கியோடு இணைத்தது.

இணைத்த முதல் வாரத்திலேயே ஆளாளுக்குத் தன் பக்கத்தில் "முதுகுவலி உண்டு, வடிகட்டி கழுவ இயலாது" என்று எழுதிக்கொண்டார்கள். நாற்பத்தொரு முதுகுவலி. கூட்டம் கூடி அவளையே விதி எழுதச் சொன்னது. விதி 1, தன்னைப் பற்றித் தான் எழுதலாகாது. கண்டோ கேட்டோ அறிந்த இருவர் எழுத வேண்டும். விதி 2, விருப்பு வெறுப்புக்கு வாய்ச்சொல் சான்றாகாது, செயல் வேண்டும். விதி 3, ஒதுக்கிய வேலையை வாயால் மறுக்க முடியாது. பக்கம் மாறினால்தான் வேலை மாறும். எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். முதுகுவலிகள் மறைந்தன.

உதவிப் பக்கங்களையும் அவளே எழுதினாள், ஒரு குழப்பமும் இல்லாமல். அவற்றைப் படித்தவர் யாரும் அவளைத் தேடி வர வேண்டியிருக்கவில்லை. பக்கங்களில் தவறு எழுதவும் இனி வழியில்லை. அறுபத்து மூன்று பேரின் உயிர் அந்த எழுத்தில் தொங்கியது.

பனிக்கரை சீராக ஓடியது. யாரும் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. யாருக்கு உப்புக் குறைவு, யாருக்கு எப்போது தூக்கம் என்பதெல்லாம் பக்கத்தில் இருந்தன. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நாட்களில்தான் அவள் பக்கத்தில் அந்த வரி ஏறியது. அவள் வசதிக்காக அன்போடு எழுதியிருந்தார்கள். நடத்தியும் அதை அன்போடு நிறைவேற்றியது. சாப்பாடு அறைக்கே உருளும் வண்டியில் வந்தது. அவள் நடைவழியில் இறங்கினால், எதிரே வருபவர்களை வேறு வழியில் போகச் சொன்னது. திருப்பத்தில் யாருடைய முதுகோ மறைவதை மட்டும் பார்ப்பாள். "கூடத்தில் இருபது பேர் இருக்கிறார்கள். அவர்கள் போன பின் சொல்லட்டுமா?" என்று நடத்தி கேட்கும். "சரி" என்பாள். அந்த ஒரு சொல் அவளுக்கு எளிதாக வந்தது.

அவளை யாரும் பார்க்காததால் புதிதாக எழுத யாரிடமும் எதுவும் இல்லை. புதிதாக எதுவும் எழுதப்படாததால் அந்த வரி மேலும் மேலும் உறுதியானது.

புறப்படும் நாள். ஏற்றுமனையில் தவழூர்திக்குச் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. இசக்கி தன் பையை எடுத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே நடைவழியில் இறங்கினாள்.

"ஏற்றுமனையில் இருவர் இருக்கிறார்கள். அவர்கள் போன பின் சொல்லட்டுமா?" என்றது நடத்தி.

"வேண்டாம்."

கதவு திறந்தது.

ஜெபராணி டின்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் பதறிக் கையைத் துடைத்தாள். "ஐயோ, வந்துட்டியா! இந்தா, நான் போயிட்டேன் பிள்ள. உன்னைத் தொந்தரவு செய்யல. ரசப்பொடி நாலு டின் வச்சிருக்கேன், பாத்துக்கோ."

ஊர்திக்குள்ளிருந்து சுடலைமுத்து தலையை நீட்டினான். "பயப்படாத பிள்ள. ரெண்டு நாள் ஓட்டம். நடுவுல தடுப்பை இழுத்து விட்டுக்கிடுதேன். போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசினா ஏன்னு கேளு."

"பேசாம உன்னால இருக்க முடியுமாலே?" என்றாள் ஜெபராணி.

"நேத்துலேந்து பழகுதேன்க்கா."

இருவரும் நகரப் பார்த்தார்கள். இசக்கி பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, எனக்குப் போகப் பிடிக்கல."

சுடலைமுத்து மறுபடி தலையை நீட்டினான்.

"தனியா இருக்கவும் பிடிக்கல."

"என்னட்டி சொல்லுத?" ஜெபராணி திரும்பி வந்தாள். "நீதான எப்பவும் சுவத்தைப் பாத்து உக்காந்து திங்க?"

"சுவத்தைப் பாத்து உக்காந்தா, எதிர்ல யாரும் வந்து உக்காரலைங்கறது தெரியாது."

சுடலைமுத்து ஊர்தியை விட்டு இறங்கினான். "அப்ப பொங்கலுக்கு எந்திரிச்சுப் போனது?"

"பத்து நிமிஷம் நின்னேன் அண்ணே. யாரும் கூப்பிடல."

ஜெபராணி மேலே, நடத்தியின் குரல் வரும் திசையைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டியா? நாங்க ரெண்டு பேரும் கேட்டாச்சு. அந்த வரியை அழி."

"விருப்பு வெறுப்புக்கு வாய்ச்சொல் சான்றாகாது" என்றது நடத்தி. "விதி 2. செயல் வேண்டும்."

"இது எந்தக் கூறு கெட்டவ எழுதின விதி?"

"நான்தான்" என்றாள் இசக்கி.

சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். ஜெபராணி சிரிக்கவில்லை. இசக்கியின் இரண்டு தோள்களையும் பிடித்தாள். அந்த வரி ஏறிய பிறகு யாரும் அவளைத் தொட்டதில்லை.

"ஏதாவது செஞ்சிருப்பல்லா? யோசி. பக்கத்துல ஆள் வேணும்னு என்னைக்காவது ஒண்ணு செஞ்சிருப்ப. எங்க கண்ணுல பட்டது. சொல்லு, நான் எழுதுதேன்."

இசக்கி ஊர்தியின் பக்கம் பார்த்தாள். பிறகு அடுக்கியிருந்த ரசப்பொடி டின்களைப் பார்த்தாள். முகம் சூடானது. வார்த்தைகளை மனதுக்குள் ஒருமுறை வரிசைப்படுத்திக்கொண்டாள்.

"ரசத்தைக் கொதிக்க விடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் அக்கா" என்றாள். "சக்கரம் எட்டுன்னும் தெரியும். வந்து இறங்கின அன்னைக்கே எண்ணிட்டேன் அண்ணே. தப்பா எழுதி வச்சா, யாராவது வந்து கதவைத் தட்டுவீங்கன்னுதான் எழுதினேன்."