ஷைனியின் பிடி அரிசி

பையைப் பிரித்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு வண்டு. மூக்கு நீண்ட குட்டி வண்டு. அதன் பின்னால் நாலைந்து உறவினர்கள்.

சகாயராணி அத்தை முகத்தைச் சுளித்தார். செபஸ்தியார் திருவிழா விருந்துக்கு ஒவ்வொரு வீட்டு அரிசியையும் வாங்கி வைப்பது அவர்தான்.

“இது யாரு வீட்டு அரிசி?”

“என்னோடது அத்தை,” என்றாள் ஐந்தாம் வகுப்பு ஷைனி.

“வண்டு விழுந்ததைப் போய் கோயிலுக்குக் கொண்டாந்திருக்கியே. எடுத்துட்டுப் போயி கோழிக்குப் போடு.”

ஷைனிக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது. போன திருவிழா முடிந்த மறுநாளிலிருந்து, அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வந்தாள் அவள். காய்ச்சலில் படுத்த அன்றுகூட எழுந்து வந்து போட்டாள்.

“எடுத்துட்டுப் போக மாட்டேன்,” என்றாள்.

“என்னது?”

“மத்தவங்க அரிசியெல்லாம் நேத்துக் கடையில வாங்குனது. அதுல வண்டு எப்படி வரும்? நான் ஒரு வருசமா சேர்த்தேன். அதான் வந்துருச்சு. சுத்தம் பண்ணித் தாரேன்.”

“மூணு மணிக்கு உலை வைப்போம். ஒரு வண்டு இருந்தாலும் வாங்க மாட்டேன்.”

கோயில் முற்றத்தில் நல்ல வெயில். ஷைனி வீட்டிலிருந்து அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து விரித்து அரிசியைப் பரப்பினாள். சூடு ஏற ஏற வண்டுகள் நிழலைத் தேடி ஓடின.

“வண்டுக்கு ஓட்டப்பந்தயமா வைக்கிற?” என்று அண்ணன் பிரின்ஸ் சிரித்தான்.

“சிரிச்சது போதும். முறத்தை எடுத்துட்டு வா.”

இருவரும் புடைத்தார்கள். பிறகு அரிசியைத் தண்ணீரில் போட்டார்கள். ஓட்டை விழுந்த அரிசி மிதந்தது. அது மட்டும் கோழிக்குப் போனது.

மூன்று மணிக்கு அத்தை அரிசிக்குள் கையை விட்டுத் துழாவினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் துழாவினார். ஒன்றும் அகப்படவில்லை.

“ம்ம். அண்டாவுல போடு,” என்றார்.

சாயங்காலப் பந்தியில் அத்தை ஷைனியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“என் வீட்டு அரிசியும் நேத்துக் கடையில வாங்குனதுதான்,” என்றார் மெதுவாக. “நாளையிலிருந்து பிடி அரிசி போடப்போறேன். வண்டு விழுந்தா நீ வந்து சுத்தம் பண்ணித் தருவியா?”

“வாரேன் அத்தை,” என்றாள் ஷைனி. “ஆனா வெயில்ல நீங்களும் கூட உட்காரணும்.”