இமை மட்டும்

பாரன்கீயா நகரமே மதிய வெயிலுக்குப் பயந்து கதவடைத்துத் தூங்கிய நேரத்தில், உள்ளறையில் லிபார்தோ மறுபடியும் சிரித்தான். சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த எனெய்தாவின் கை நின்றது. கை கால் அசையாத, பேச்சும் போய்விட்ட கணவன் அவன்.

காலையில் வந்த டாக்டரிடம் கேட்டிருந்தாள்.

"அது சிரிப்பில்லம்மா. பக்கவாதத்துல மூளைத்தண்டு அடிபட்டா தானா வரும். உடம்புக்கு உத்தரவு போற வழி அங்கதான் அடைச்சிருக்கு. இமை மட்டும் தப்பிச்சுது."

"அப்போ அவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காதுல்ல?"

"ஞாபகமெல்லாம் மேல, பெருமூளையில. அதுல ஒரு கீறல்கூட இல்ல, சந்தோஷப்படுங்க. ஒரு தடவை இமைச்சா ஆமா, ரெண்டு தடவைன்னா இல்ல. பேசிப் பாருங்க."

எனெய்தாவுக்கு அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. கார்னிவல் திருவிழாவின் சனிக்கிழமை அவன் தள்ளாடிக்கொண்டு வந்து, நாக்குக் குழறி அவள் பெயரைச் சொன்னான். ஊரே ரம்மில் மிதக்கும் நாள். கொல்லையில் சரிந்தவன் முகத்தில் அக்கம்பக்கத்தார் திருவிழா வழக்கப்படி சோளமாவை அப்ப, "விடுங்க, குடிகாரன் தெளியட்டும்" என்று சிரித்தபடி கதவைப் பூட்டிக்கொண்டு ஊர்வலத்துக்குப் போனாள். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மாவு முகத்தில் கண் மட்டும் விழித்திருந்தது. சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாமே என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அறைக்குள் போனாள். மூடிய ஜன்னலின் கீற்று வெளிச்சமும், மருந்தும் வியர்வையும் கலந்த புழுங்கிய வாடையும், கிறீச்சிடும் மின்விசிறியும், அவன் மூச்சும் சேர்ந்து அவளை அழுத்தின. சிரிப்பு ஓய்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லிபா, அன்னைக்கு நான் சொன்னது கேட்டுச்சா?"

ஒருமுறை இமைத்தான்.

"உன் மேல ரம் வாடையே இல்ல. எனக்கு அப்பவே தெரியும். ஊர்வலம் போயிடுமேன்னுதான்..." அவன் முகத்தருகே குனிந்தாள். "என்னை மன்னிப்பியா?"

இரண்டு முறை இமைத்தாலும் தாங்கிக்கொள்வாள்.

இமைக்கவில்லை.

ஒரு ஈ அவன் கன்னத்தில் உட்கார்ந்தது. ஊர்ந்தது. கீழிமை. வெள்ளை விழி.

விரட்டக் கை எழவில்லை அவளுக்கு.

மூச்சு சீராக ஓடியது; கண் மட்டும் மூடவில்லை. அவளையே பார்த்தது.

"இமைச்சிடு, லிபா."

கருவிழியின் நடுவில் நின்று, ஈ தன் கால்களைத் தேய்த்துக்கொண்டது.